முதல் கவளத்தோடு ஒரு மாத்திரை

கணையம் என்று ஒன்று வயிற்றுக்குள் இருப்பதே, அது வீங்கி என்னைப் படுக்கவைத்த பிறகுதான் எனக்குத் தெரியும். வீக்கம் வற்றியும் சோறு செரிக்கவில்லை. தின்றதெல்லாம் எண்ணெய் மிதக்க அப்படியே வெளியே போனது. சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேடும்படி இளைத்துப்போனேன். தஞ்சாவூர் டாக்டர் செரிமானத்துக்கான நொதி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

“இது சாப்பாட்டுக்கு முன்னாடியும் இல்லை, பின்னாடியும் இல்லை. முதல் கவளத்தோட போடுங்க. வெறும் வயித்துல போட்டா வீண்.”

கஞ்சியும் இட்லியுமாகக் கிடந்தவனுக்கு முழுச்சாப்பாடு சாப்பிட அனுமதி கிடைத்தது. அந்த நாள் மகாளய அமாவாசையாகப் போனது என் நேரம். மனைவி இலை போட்டுச் சோறும் பருப்பும் வாழைக்காயும் வைத்தாள். சோற்றைப் பார்த்த வேகத்தில் மாத்திரையை விழுங்கிவிட்டுக் கையை வைத்தேன்.

“கையை எடுங்க! காக்கா இன்னும் எடுக்கலை!”

எங்கள் வீட்டில் அமாவாசையன்று, செத்துப்போன அப்பாவுக்காக மாடியில் வைத்த சோற்றைக் காக்கை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் வாயில் வைக்கலாம். பசியில் அது மறந்துபோயிற்று.

“மாத்திரை போட்டுட்டேனே,” என்றேன் பாவமாக.

அவள் மாடிக்கு ஓடினாள். “கா! கா!” தம்பியும் போய்ச் சேர்ந்து கத்தினான். ஒரு இறகுகூட வரவில்லை. ஊர்க் காக்கை மொத்தமும் சம்பா நடவுக்குச் சேறு உழுகிற டிராக்டர் பின்னால் போயிருந்தது. தம்பி கொஞ்சம் சோற்றை இலையில் மடித்துக்கொண்டு பைக்கில் வயலுக்கே போனான். சிறிது நேரத்தில் போன் வந்தது.

“அண்ணே, எல்லாம் புழுவைப் பொறுக்குது. சோத்தைத் திரும்பிக்கூடப் பாக்கலை.”

உயிரோடு இருந்தபோது அமாவாசையன்று வெங்காயம்கூடத் தொடாதவர் அப்பா. எனக்கு அவர் மேல் நிஜமாகவே கோபம் வந்தது. பெற்ற பிள்ளை எலும்பும் தோலுமாக இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். போட்ட மாத்திரை வேலையில்லாமல் வயிற்றுக்குள் சுற்றுகிறது. இவர் சேற்றில் இறங்கிப் புழு தின்கிறார்!

மனைவி தொண்டை கட்டிக் கீழே வந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து காக்கைக்கு முன்னால் ஒருவர் வாயிலும் ஒரு பருக்கை பட விட்டவளில்லை. துருத்திக்கொண்டிருந்த என் கழுத்தெலும்பையே பார்த்தாள். பிறகு இன்னொரு மாத்திரையை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, என் இலையிலேயே சோற்றையும் பருப்பையும் பிசைந்தாள்.

“காக்கா?” என்றேன்.

“மாமா வர்றப்ப வரட்டும். உங்களையும் நான் மாடியில நின்னு கா கான்னு கூப்பிடணுமா? சாப்பிடுங்க.”

சொல்லிவிட்டு அவளே அழுதுவிட்டாள். நான் வாயைத் திறந்தேன்.