என் விரலில் இல்லாத ரேகை

எல்லையம்மனை நம்பி வாழ்கிற என் சொந்தங்களுக்கு, போன மார்கழியில் எங்கள் வீட்டில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறவள். கண்ணால் பார்த்ததை மட்டும் குறித்துப் பழகியவள். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

என் அண்ணன் போலந்து நாட்டில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தான். மார்கழி பிறந்த வாரம், வேலைக்குப் போகும் வழியில் பனியில் வழுக்கி விழுந்தான். தலையில் அடி. நாலைந்து நாள் நினைவே இல்லை. பிறகு கண் விழித்தான். ஆனால் யாரையும் அவனுக்குத் தெரியவில்லை. அறையில் அவனோடு தங்கியிருந்த செல்வம் என்பவர் கும்பகோணத்துக்காரர். அவர்தான் எங்களுக்கு போன் செய்தார்.

"தங்கச்சி, கண்ணத் தொறந்து பாக்குறான். அவ்ளோதான். சாப்பாட்ட வாயில வச்சா துப்பிடுறான். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறான். வூட்டு ஆளு யாராச்சும் வந்து பக்கத்துல ஒக்காந்து பேசுனா தேவலைன்னு டாக்டரு சொல்றாரு. எனக்கு ஞாயித்துக்கெழம மட்டுந்தான் லீவு. நீங்க யாராச்சும் வரப் பாருங்க."

அப்பா இல்லை. அம்மாவிடம் பாஸ்போர்ட் இல்லை. என்னிடம் இருந்தது. படிப்பு முடித்த கையோடு எடுத்து வைத்தது, ஒரு பக்கம்கூடத் திருப்பாமல் பீரோவில் கிடந்தது. போக வேண்டியது நான்தான் என்று முடிவாயிற்று.

தேவையானவற்றை வரிசையாக எழுதினேன். விண்ணப்பம், சொன்ன அளவில் போட்டோ, திரும்பி வந்த பிறகும் சில மாதம் செல்லுபடியாகிற பாஸ்போர்ட், பயணக் காப்பீடு, போக வர விமான முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம், விடுப்பு கொடுத்திருப்பதாக ஆலையின் கடிதம், ஆஸ்பத்திரியின் கடிதம், அண்ணனும் நானும் கூடப் பிறந்தவர்கள் என்பதற்கு ஆதாரம். ஒவ்வொன்றாக வாங்கி, பட்டியலில் அடித்துக்கொண்டே வந்தேன். ஒரு வாரத்தில் எல்லாம் சேர்ந்துவிட்டன. கடைசியாக இருந்தது என் கைரேகை மட்டும். அதை யாரிடமும் போய் வாங்க வேண்டியதில்லை என்பதால் அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

சென்னையில் விசா மையத்தில் என்னைக் கண்ணாடி மேல் விரல் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்து வைத்தேன். சிவப்பு. அங்கிருந்த பெண் என் கையைத் தானே பிடித்து அழுத்தினாள். பிறகு திரையைப் பார்த்து விநோதமாகச் சிரித்தாள்.

"மேடம், நீங்க கையே வைக்கலைங்குது மெஷின்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஆய்வகத்தில் சிமெண்ட்டைத் தண்ணீர் விட்டுக் குழைத்து அச்சில் நிரப்பி, வலிமை பார்ப்போம். கையுறை போட்டால் குழைவின் பதம் விரலுக்குத் தெரியாது. அதனால் நாங்கள் யாரும் போடுவதில்லை. ஈரச் சிமெண்ட் தோலைத் தின்றுவிடும். ஆலை வாசலில் வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் கருவி வந்தபோதே எங்கள் பிரிவு ஆட்களை அது ஏற்கவில்லை. எங்களுக்கு மட்டும் அட்டை கொடுத்துவிட்டார்கள். "நாமல்லாம் களவாங்கப் போனா மாட்டவே மாட்டோம்டி" என்று கூட வேலை செய்கிறவள் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்பு இங்கே வந்து நிற்கும் என்று யார் கண்டார்கள்.

கைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அதுவும் சரிப்படாவிட்டால் மருத்துவச் சான்று வாங்க வேண்டும், தூதரகம் பார்த்து முடிவு செய்யும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். அதுவரை என் காகிதங்கள் அங்கேயே கிடக்கும். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பான்.

ஊருக்கு வந்தேன். அம்மா தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். பக்கத்து வீட்டில் எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னார்கள். நான் களிம்பு தடவி, வேலைக்குப் போகாமல், பாத்திரம்கூடத் தொடாமல் இருந்தேன். தேய்ந்த தோல் வளர எத்தனை வாரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். கையில் அத்தனை வாரம் இல்லை என்பதும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா சொன்னார். "ஆத்தாகிட்ட எல்ல சொல்லாமப் போனான் அவன். நாம போயிச் சொல்லிட்டு வருவோம் வா."

வெளியூரில் இருந்து படிக்கிறவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் திருமானூர் போகிற வழியில் இருக்கிறது. ஏரி முடிந்து சுண்ணாம்புக்கல் குழிகள் தொடங்குகிற இடத்தில் எல்லையம்மன் இருக்கிறாள். ஊரை விட்டுத் தூரம் போகிறவர்கள் மஞ்சள் குழைத்து அவள் கோயிலின் பின்சுவரில் கை பதித்து, போகிற ஊரின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். துணைக்கு எங்கே வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா. இதுதான் எல்லை சொல்வது.

நாங்கள் போனபோது உச்சி வேளை. வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. காக்கைகூடக் கத்தவில்லை. பூசாரி மாமா விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஒம் மகன் போறப்ப வந்து சொல்லலையேக்கா?"

"ஏஜெண்டு கூப்புட்டான்னு அவசரமாக் கெளம்பிட்டான். எங்க சொல்ல."

"சரி, தங்கச்சி சொல்லட்டும். ஒரே ரத்தந்தான. எந்த ஊரும்மா?"

"வ்ரோட்ஸ்வாஃப், மாமா."

"என்ன வாப்பு?"

மறுபடி சொன்னேன். அவர் முயன்று பார்த்துக் கைவிட்டார். "எனக்கு வாயில நொழைய மாட்டேங்குது. நீயே சொல்லிடு. ஆத்தா புடிச்சுக்குவா."

"ஆஸ்பத்திரி பேரையும் சேத்துச் சொல்லுடி," என்றார் அம்மா. "அவ பாட்டுக்குத் தேடிக்கிட்டு நிக்கப் போறா."

மஞ்சளில் கையைத் தோய்த்துச் சுவரில் வைத்தேன். ஊரையும் ஆஸ்பத்திரியையும் அண்ணன் படுத்திருந்த மாடியையும் சொன்னேன். பிறகு என் வேண்டுதலைச் சொன்னேன். "அம்மா, என் விரலுக்கு ரேகை கொடு. அண்ணன் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும்."

அந்நேரம் சுண்ணாம்புச் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள். தினமும் அந்த வேளைக்கு வைப்பதுதான். காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. கதவுச் சங்கிலி ஆடியது. மாமாவின் கையில் இருந்த தட்டு கடகடத்தது. விளக்கின் சுடர் மட்டும் அசையவில்லை. மூன்று பேருமே பார்த்தோம்.

கையை எடுத்தேன். பக்கத்தில் யார் யாரோ பதித்த கைகளில் சீப்பால் இழுத்ததுபோல ரேகை தெரிந்தது. என்னுடையது கொத்தனார் கரண்டியால் பூசியதுபோல வழவழவென்று இருந்தது. பழக்கத்தில் அதை போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சென்னைக்குப் புறப்படும் முன் கோயிலுக்குப் போனேன். சுவரில் நான் பதித்த கை காய்ந்திருந்தது. அதில் ரேகை இருந்தது. ஐந்து விரலிலும், சுழி சுழியாக. போனில் இருந்த படத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அதே கை, அதே இடம், சுண்டுவிரல் ஓரத்தில் வழிந்த அதே சொட்டு. படத்தில் வழவழப்பு. சுவரில் ரேகை. மஞ்சள் காயும்போது வெடிக்கும் என்று எனக்குத் தெரியும். வெடிப்பு சுழியாக வராது என்பதும் தெரியும். என் விரலைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நேற்றைப் போலவே இருந்தது. திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை மையத்தில் அதே பெண். என்னை நினைவு வைத்திருந்தாள். விரலை வைத்தேன். உடனே பச்சை. இடது கை, பச்சை. கட்டைவிரல்கள், பச்சை. அவள் திரையைப் பார்த்தாள். பிறகு, "கையக் கொஞ்சம் காட்டுங்க மேடம்" என்றாள். காட்டினேன். என் விரல்களைத் தன் விரலால் தடவிப் பார்த்தாள். திரையை மறுபடி பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"திரையில நல்லா விழுந்திருக்கு," என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "சரிங்க மேடம். நீங்க போங்க."

பொங்கலுக்கு முன்பே விசா வந்தது. இறங்கிய விமான நிலையத்தில் எதற்கு வந்தாய், எங்கே தங்குவாய், எப்போது திரும்புவாய் என்று கேட்டார்கள். காகிதங்களை நான் அடுக்கிய வரிசையிலேயே கொடுத்தேன். அங்கேயும் விரல் வைக்கச் சொன்னார்கள். மொட்டை விரலைத்தான் வைத்தேன். அங்கேயும் விட்டுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குள் போகும்போது என் பயமெல்லாம் அண்ணனுக்கு என்னைத் தெரியுமா என்பதுதான். செல்வம் அண்ணன் வாசலில் நின்றார். "இப்ப கொஞ்சம் கொஞ்சமாச் சாப்புடுறான் தங்கச்சி. பேச்சுதான் இல்ல," என்றார். கட்டிலருகே போய் அவன் கையைப் பிடித்தேன். அவன் கண்ணைத் திறந்தான். என்னை வெகு சாதாரணமாகப் பார்த்தான்.

"பாப்பா," என்றான். "இப்பதான போன. அதுக்குள்ள வந்துட்ட?"

அவன் என் விரல்களைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நேத்தெல்லாம் கை சொரசொரன்னு இருந்துச்சே. இன்னிக்கு என்ன வழவழன்னு இருக்கு?"

செவிலியரிடம் போனில் மொழிபெயர்ப்பு வைத்துக் கேட்டேன். ஞாயிறன்று செல்வம் அண்ணன் வந்ததைத் தவிர யாரும் வரவில்லை என்றார். பிறகு அவராகவே சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை காலை உணவின்போது இவன் தானாகவே வாய் திறந்தான். அன்றிலிருந்து வலது கை எப்போதும் யாருடைய கையையோ பிடித்திருப்பதுபோல மடங்கியே இருந்தது. பிரித்துவிட்டாலும் திரும்ப மடங்கிக்கொண்டது. எந்த வெள்ளி என்று கேட்டேன். நாங்கள் எல்லை சொன்ன அதே வெள்ளி. நம் ஊரில் உச்சி வேளை என்றால் அங்கே காலை உணவு வேளை.

தலையில் அடிபட்டவர்களுக்கு இல்லாத ஆட்கள் தெரிவது உண்டு என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னதை மறுக்கவில்லை. நான் எல்லையம்மனிடம் கேட்டது என் விரல் ரேகையை. அவன் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும் என்று சொன்னதை ஒரு காரணமாகத்தான் சொன்னேன். அவள் முதலில் அந்தக் காரணத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். என் விரலைப் பிறகுதான் பார்த்திருக்கிறாள்.

மாசி முடிவதற்குள் அண்ணனை அழைத்து வந்துவிட்டேன். இப்போது நடக்கிறான். பேசுகிறான், கொஞ்சம் நிதானமாக. ஆலை வாசல் கருவி இன்றும் என் விரலை ஏற்பதில்லை. நான் அதைக் குறையாக நினைப்பதில்லை. முன்பெல்லாம் கோயிலுக்குப் போனால் வேண்டியதை ஒன்று இரண்டு என்று அடுக்குவேன். இப்போது எங்கே கஷ்டம் என்று இடத்தை மட்டும் சொல்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குச் சொல்வதில்லை.

படிக்கிற உங்களில் வெளிநாடு போகிறவர்கள் இருப்பீர்கள். காகிதங்களைச் சரியாக வையுங்கள், போட்டோ அளவைச் சரிபாருங்கள், அந்த வேலையை அவள் செய்யமாட்டாள். பிறகு அவளிடம் வந்து ஊர்ப் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். நம்பிச் சொல்லுங்கள்.

அண்ணன் மறுபடியும் போகிறேன் என்கிறான். அம்மா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்குப் பயமில்லை. நாம் போய்ச் சேர்வதற்கு முன்னே அங்கே போய்ச் சேர்கிறவள் ஒருத்தி இருக்கிறாள்.