மழை நாளில் நில அளவை

மழை பெய்தால் பட்டாசு மருந்து ஈரமாகிவிடும். அதனால் கம்பெனிப் பெண்களுக்கு மழைதான் லீவு. நிலம் அளக்கும் சர்வேயரும் மழையில் வரமாட்டார். பெண்களுக்குப் பட்டா மனு எழுதிக் கொடுக்கத் தொடங்கிய நாளில் இந்த இரண்டையும் நான் சேர்த்து யோசிக்கவில்லை.

வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண், கணவரை இழந்தவள். கொழுந்தனோடு கூட்டுப்பட்டாவில் கிடந்த தன் பங்கைப் பிரித்துக் கேட்டிருந்தாள். சர்வேயர் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் நல்ல வெயில், கம்பெனியில் தீபாவளி சீசன் ஆர்டர். அவளால் வர முடியவில்லை. கொழுந்தன் மட்டும் வரப்பில் நின்று, "அவுகளுக்கு நிலத்துல அக்கறை இல்லைங்க" என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாவது முறையும் அவள் வராவிட்டால் மனுவை முடித்துவிடுவார்கள்.

அந்த மூன்றாவது தேதியன்று விடியும்போதே மழை. சர்வேயர் வரமாட்டாரே என்று நான் இடிந்து உட்கார்ந்திருந்தேன். போனில் அவள் சிரித்தாள்.

"அக்கா, கம்பெனி லீவு! எட்டுப் பேரு தாலுகா ஆபீஸ் வாசல்ல நிக்கோம். நீங்க எங்கன இருக்கீக?"

ஓடினேன். எட்டுத் தலையிலும் உரச்சாக்கு. சர்வேயர் தயங்கினார்.

"கரிசல்ல இறங்குனா கால் புதைஞ்சிரும்மா. மழை விடட்டும்."

"மழை விட்டா நாங்க வேலைக்குப் போகணும் சார். புதைஞ்சா நாங்க பிடுங்கி எடுக்கோம், வாங்க."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வயலில் இருவர் குடை பிடித்தார்கள், இருவர் அளவுச் சங்கிலி பிடித்தார்கள். திடீரென்று ஒரு சத்தம். என் கை தானாகப் போனுக்குப் போயிற்று. என் மகள் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் அதற்குப் பக்கத்துக் கம்பெனியில் வெடித்ததிலிருந்து நான் இப்படித்தான்.

"அம்மா, அது இடி. நான் வீட்லதான இருக்கேன்? எனக்கும் லீவு!"

"இடிக்குப் போன் போட்ட ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றாள் சங்கிலி பிடித்தவள்.

எல்லைக்கல்லை ஊன்றி முடிக்கும்போது கொழுந்தன் வந்து சேர்ந்தார். பைக் சேற்றில் சிக்கி, பாதி வழி நடை.

"மழையில எவனாச்சும் நிலம் அளப்பானா?"

"எங்களுக்கு மழையிலதான நேரம், கொழுந்தனாரே."

அவர் கல்லைச் சுற்றி வந்தார். காலால் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. சர்வேயர் அளவைத் தாளை அவரிடம் நீட்டினார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவள் தலைச்சாக்கைக் கழற்றி, கொழுந்தன் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு நனைந்தாள்.