அட்டை இல்லாத வாரம்

கேகாலை டவுனுக்கு வெளியே, றப்பர் மரங்களுக்குள் இறங்கும் ஒரு தோட்டம். தோட்டத்தில் பிரிவுகளுக்குக் கணக்கு என்றுதான் பெயர், மேல்கணக்கு, கீழ்க்கணக்கு. இராஜகுமாரி பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் கீழ்க்கணக்கில். தோட்டத்துப் பாடசாலையில் அவள் படிப்பித்ததும் கணக்கு. ஆகவே ‘கணக்கு டீச்சர்’ என்று யாராவது சொன்னால் எந்தக் கணக்கு என்று கேட்க வேண்டியதில்லை. எப்படிப் பார்த்தாலும் அது அவள்தான்.

அவள் படித்த காலத்தில் அந்தப் பக்கம் தமிழில் உயர்தரக் கணிதம் படிக்க வழி இருக்கவில்லை. ஹட்டனில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. ஆசிரியர் நியமனம் கிடைத்தது, ஊருக்கே திரும்பினாள், ஸ்ரீதரனைக் கட்டினாள். அவன் கேகாலை பஸ் ஸ்டாண்டில் த்ரீவீல் ஓட்டுபவன். அத்தோடு எல்லாம் அடங்கியிருக்க வேண்டும். ஆனால் முப்பது வயதை எட்டும்போது, 2005ஆம் ஆண்டு, வெளிவாரிப் பட்டப்படிப்புக்குப் பதிந்தாள். சனிக்கிழமை தோறும் டவுனில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் வகுப்பு. வாராவாரம் வீட்டில் செய்து கொண்டுவர வீட்டுக் கணக்கு.

முதலாம் அரையாண்டு சிரமமில்லாமல் போனது. அதில் வகையீடு. ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்ப்பது. விதிகள் தெரிந்தால் கை தானாக ஓடும். இரண்டாம் அரையாண்டில் தொகையீடு வந்தது. அது போன பாதையிலேயே திரும்பி வருவது. ஆனால் திரும்பும்போது ஒரு மரமும் அடையாளம் தெரிவதில்லை. அந்தப் பாடத்தில் அவள் ஒரு தடவை தவறிவிட்டாள். இன்னொரு தடவை தவறினால் பதிவு இரத்து என்பது விதி. அதற்கு மேல் இன்னொரு விதியும் இருந்தது: வீட்டுக் கணக்குப் புள்ளிகள் பாதிக்குக் குறைந்தால் பரீட்சை மண்டபத்துக்குள்ளேயே விடமாட்டார்கள்.

எனவே எந்த வேலைக்கு நடுவிலும் கணக்குச் செய்தாள். உலை கொதிக்கும்வரை ஒன்று. பாடசாலை இடைவேளையில் ஒன்று. பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் கரும்பலகையில் சோக்கால் பெரிதாக ஒன்று. ∫ என்ற தொகையீட்டுக் குறியை ஒருநாள் பலகையில் அழிக்காமல் விட்டுப் போய்விட்டாள். மறுநாள் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்து ஒரே சத்தம்.

“டீச்சர், அட்டை! டீச்சர், அட்டை நிக்குது!”

பிள்ளைகள் சொன்னதில் பிழையில்லை. மழை நாளில் றப்பர் மலைக்குள் கால் வைத்தால், புல் நுனியில் வாலை ஊன்றி எழும்பி, தலையை ஒரு பக்கம் வளைத்து ஆள் மணம் பிடித்துக்கொண்டு நிற்குமே அட்டை, அசல் அந்த வடிவம்தான். பேர் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. மரப்பட்டையைக் கீறிப் பால் வெட்டிவிட்டு வரும் பெண்கள்கூட வாளியை இறக்கி வைத்துக் கேட்பார்கள், “என்னா டீச்சர், அட்டைக் கணக்கு முடிஞ்சிச்சா?” என்று. வீட்டில் ஸ்ரீதரனின் கேலிக்கு அளவே இல்லை.

“இன்னிக்கி எத்தன அட்டை புடுங்குன?”

“ரெண்டு.”

“ரெண்டுக்கா இவ்வளவு நேரம்? நம்ம அம்மா ஒரு மரம் வெட்டுறதுக்குள்ள பத்து புடுங்கும்.”

“ஒங்கம்மாவுக்கு உப்பு இருக்கு. எனக்கு என்னா இருக்கு?”

இரண்டாந் தடவை படித்த அந்த அரையாண்டின் நடுவில் மண் சரிந்து பாதை அடைபட்டது. அதனால் இரண்டு சனிக்கிழமை வகுப்புகள் தவறின. அந்த இரண்டு வாரத்துக் கணக்குகளுக்கும் பூச்சியம். மிச்சத்தில் சுமாரான புள்ளிகள்தான். கூட்டிப் பார்த்தபோது கடைசி வீட்டுக் கணக்கில் பாதிக்கு மேல் எடுத்தால்தான் பரீட்சை என்று வந்து நின்றது.

கடைசி வீட்டுக் கணக்கைக் கொடுத்த சனிக்கிழமை போட்டோகொப்பி மெஷின் பழுது. பாடம் நடத்தும் திலினி மிஸ் கணக்குகளை வாயால் சொன்னாள், எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். வகுப்பு சிங்களத்தில்தான் நடக்கும்; பரீட்சையைத் தமிழில் எழுதலாம். தமிழில் எழுதுபவர்கள் இரண்டே பேர்: இராஜகுமாரியும், மாவனல்லையில் குடும்பத்தின் ஹாட்வெயார் கடையைப் பார்க்கும் முக்தாரும். இராஜகுமாரிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. சந்தையில் அவள் பேரம் பேசினால் எந்த ஊர் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. வகுப்பிலும் பலருக்கு அவள் தோட்டத்து ஆள் என்பது தெரியாது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருந்தாள். ஒரு சொல் பிடிபடாவிட்டாலும் திருப்பிக் கேட்கமாட்டாள்.

ஆனால் கணக்குச் சிங்களம் சந்தைச் சிங்களம் அல்ல. வகையீட்டுக்கு அவர்கள் அவகலனய என்பார்கள், தொகையீட்டுக்கு அனுகலனய. மிஸ் அந்தச் சொல்லைச் சொன்ன நேரம் பார்த்துக் கீழே பஸ் ஸ்டாண்டில் ஒரு கொழும்பு பஸ் ஹோர்னை அமுக்கிப் பிடித்தது. கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தவளின் காதில் விழுந்தது தலையும் வாலும்தான். நடுவில் இருந்த எழுத்தை அவளே போட்டுக்கொண்டாள்.

அவகலனய.

அந்த வாரம் அவளுக்கு வாழ்க்கை இலேசாக இருந்தது. பத்துக் கணக்குகளையும் செவ்வாய்க்கிழமையே முடித்துவிட்டாள். ஒவ்வொன்றும் இரண்டு வரி. பரீட்சைக்கு முன்னால் மிஸ் பழைய பாடத்தை மீட்டிப் பார்க்கத் தந்திருக்கிறாள், நல்ல மனசு, என்று நினைத்தாள். புதன்கிழமை ஸ்ரீதரன் சாப்பிட்டுக்கொண்டே தாளை எட்டிப் பார்த்தான்.

“என்னா புள்ள, இந்த வாரம் ஒரு அட்டையும் காணல?”

“இது வேற கணக்குங்க.”

“வெயிலடிக்குதுல்ல, அதான் எல்லாம் மண்ணுக்குள்ள போயிருச்சி.”

அவளும் சிரித்தாள்.

சனிக்கிழமை காலை வகுப்புக்கு நேரத்தோடே போய்விட்டாள். முக்தார் முதலே வந்து தன் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தான். தாள் என்றால் ஒன்றிரண்டு அல்ல, ஒரு கட்டு. மேலே இருந்த பக்கத்தில் இடது ஓரமாக, மேலிருந்து கீழ்வரை, வரிசையாக அட்டைகள் எழும்பி நின்றன.

இராஜகுமாரி அந்தப் பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“முக்தார், இது எந்த வாரத்துக் கணக்கு?”

“இந்த வாரத்து தான் டீச்சர். ஏன்? நீங்க செய்யல்லயா?” அவள் தாளை வாங்கிப் பார்த்தவன் கண்ணைச் சுருக்கினான். “அல்லாவே, நீங்க வகையிட்டு ஈக்கிறீங்களே! மிஸ் சொன்னது அனுகலனய.”

அவள் வாங்கில் உட்கார்ந்தாள்.

“மொகத்த அப்படி வெச்சிக்காதீங்க டீச்சர். இந்தாங்க, பாத்து எழுதுங்க. வகுப்பு முடியத்தானே மிஸ் தாள் எடுக்கிற. எண்ட எழுத்துதான் கோழி கெளறின மாதிரி ஈக்கும். பொறுத்துக்கங்க.”

அவள் மறுக்கவில்லை. பேனையைத் திறந்து முதலாம் கணக்கைப் பார்த்து எழுதத் தொடங்கினாள். xeˣ. பகுதிகளாகத் தொகையிடல் என்ற முறை. போன தடவை அவளைக் கவிழ்த்ததே அதுதான். அந்தச் சூத்திரத்தைப் பாட்டுப்போல மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். பரீட்சையில் எதை முதலாவதாக எடுப்பது, எங்கே சய (−) அடையாளம் வரும் என்று எல்லாம் இடம் மாறிப் போனது.

முக்தார் கடைக்காரப் பிள்ளை. எதையும் நிறுத்துப் பார்க்காமல் விடமாட்டான். விடை வந்தபிறகு, அதை மறுபடி வகையிட்டுச் சரிபார்ப்பது அவன் வழக்கம். அந்தச் சரிபார்த்த வரிக்கு வந்தபோது இராஜகுமாரியின் பேனை நின்றது. xeˣ ஐ வகையிட்டால் eˣ உம் xeˣ உம் சேர்ந்து வரும். அது அவளுடைய தாளில், செவ்வாய்க்கிழமை அடுப்படியில் வைத்து எழுதிய வரி.

பிழையென்று தள்ளி வைத்த தாளைப் பக்கத்தில் இழுத்தாள். அந்த வரிக்குள்ளேயே கேட்ட xeˣ இருக்கிறது. கூடவே ஓர் eˣ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஒட்டிக்கொண்டதைக் கழித்துவிட்டால்? xeˣ இலிருந்து eˣ போக, மிச்சம்தான் விடை. முக்தார் ஒரு பக்கம் முழுக்க அலைந்து எடுத்த அதே விடை. சூத்திரம் வேறொன்றுமில்லை, பெருக்கத்தை வகையிடும் விதியைத் திருப்பி வாசிப்பதுதான். ஒன்றரை வருடமாக இதை ஒருவரும் சொல்லவில்லை என்று நினைத்தாள். சொல்லியிருப்பார்கள், அன்றைக்கும் ஏதாவது ஹோர்ன் அடித்திருக்கும்.

முக்தாரின் கட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

“ஏன் டீச்சர்? விளங்கல்லயா?”

“விளங்கிருச்சி. அதான்.”

மிஸ் வந்து பாடத்தைத் தொடங்கினாள். இராஜகுமாரி தலை நிமிரவில்லை. x cos x ஐ வகையிட்ட வரிக்குள் x sin x உட்கார்ந்திருந்தது. அதைக் கொண்டு ஒன்றை முடித்தாள். x sin x ஐ வகையிட்ட வரிக்குள் மற்றது இருந்தது. x ln x இன் வரி, தனியாகக் கேட்டிருந்த ln x ஐக் கொடுத்தது. பிறகு eˣ sin x. முக்தார் அதற்காகவே இரண்டு முறை சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து, பக்கங்களை மாற்றி மூச்சு வாங்கியிருந்தான். அவள் தன்னுடைய இரண்டு வரிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினாள்: eˣ sin x ஐ வகையிட்டது, eˣ cos x ஐ வகையிட்டது. மேலதிலிருந்து கீழதைக் கழித்தாள். cos உறுப்புகள் போய்விட்டன. கேட்டது மட்டும் இரண்டு மடங்காக நின்றது. பாதியாக்கினாள். கூட்டிப் பார்த்தாள், மற்றக் கணக்கும் முடிந்தது. வாய்விட்டுச் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

எல்லாம் அப்படி இலகுவாக வரவில்லை. x ln x இற்குப் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. வேறு இரண்டைத் தட்டுத் தடுமாறி முடித்தாள். tan⁻¹ x எந்த வரிக்குள்ளும் ஒளிந்திருக்கவில்லை. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே தாள் எடுக்கும் நேரம் வந்துவிட்டது.

திலினி மிஸ் அவளைவிட நாலைந்து வயது இளையவள். அக்கே என்றுதான் கூப்பிடுவாள். தாளை வாங்கியவள் அங்கேயே நின்று புரட்டினாள்.

“அக்கே, இது என்ன?” என்று சிங்களத்தில் கேட்டாள். “மேலே எல்லாம் அவகலனய, கீழே அனுகலனய. இப்படி நான் சொல்லித்தரவில்லையே?”

வகுப்பு திரும்பிப் பார்த்தது. காய்ச்சல் என்று சொல்லலாம். பழைய தாளில் எழுதிவிட்டேன் என்று சொல்லலாம். ஆனால் புள்ளி போடும் கைக்கு முன்னால் நின்றுகொண்டு பொய்யைச் சோடிக்க அவளுக்கு வரவில்லை.

“எனக்குச் சொல் பிடிபடவில்லை மிஸ்,” என்றாள், அதே சிங்களத்தில். “நான் தோட்டத்து ஆள். கணக்கெல்லாம் படித்தது தமிழில். இரண்டு சொல்லும் எனக்கு ஒரே மாதிரிக் கேட்கிறது.”

முன்வாங்கில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை.

“கேட்டிருக்கலாமே அக்கே! நான் எழுதிக் காட்டியிருப்பேனே. சரி, தமிழில் இவற்றுக்கு என்ன சொல்வீர்கள்?”

“தொகையீடு. வகையீடு.”

மிஸ் இரண்டையும் வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். தொகயீடு. வகயீடு. பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“உங்களுடையதும் ஒரே மாதிரித்தானே இருக்கிறது! இதில் எங்கள் பாஷையைக் குறை சொல்கிறீர்கள்!”

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். இராஜகுமாரிக்கும் அடக்க முடியவில்லை. “அதுவும் சரிதான் மிஸ்,” என்றுவிட்டு முக்தார் பக்கம் திரும்பினாள்; அவன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான்.

மிஸ் மேசைக்குப் போய் உட்கார்ந்து, அந்தத் தாளை மட்டும் தனியே எடுத்தாள். சிவப்புப் பேனை ஒவ்வொரு கணக்காக இறங்கியது. ஓரிடத்தில் அடையாளம் பிழைத்திருந்தது, அரைப்புள்ளி வெட்டினாள். கழித்து எடுத்த கணக்கின்மேல் பேனை சற்று நேரம் நின்றது. அதற்கும் சரியென்று போட்டாள். முடிக்காத கணக்குக்குப் பூச்சியம். தயவு காட்டுகிற சுபாவம் அவளுக்கு இல்லை. பிறகு பழைய புள்ளிகளோடு கூட்டினாள். இராஜகுமாரி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பரீட்சைக்கு வரலாம் அக்கே.”

அவள் படியிறங்கி வந்தபோது கீழே ஸ்ரீதரனின் த்ரீவீல் காத்து நின்றது. பின் ஆசனத்தில் ஏற்கெனவே ஒரு பலாப்பழமும், அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேல்கணக்கு செல்லையாவும்.

“வர்ற வழியில செல்லையாண்ணன் கைகாட்டுனாரு. சரி, என்னா ஆச்சி? விடுறாங்களா?”

“விடுறாங்க.”

“மெய்யாவா?” அவன் ஹோர்னை இரண்டு தரம் அடித்தான். பக்கத்து த்ரீவீல்காரன் திரும்பி முறைத்தான்.

“என்னா தம்பி, சம்சாரம் பாஸா?” என்றார் செல்லையா.

“இன்னும் இல்லீங்க. எழுதப் போறதுக்குத்தான் பாஸு.”

“அதுக்கேவா இந்த ஆர்ப்பாட்டம்? ஏறும்மா, ஏறு. பழம் பத்திரம். பால் ஒட்டும்.”

அவள் பழத்துக்கும் கம்பிக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு பஸ் டிக்கட்டைத் தேடி எடுத்து, அதன் பின்பக்கத்தில் tan⁻¹ x என்று எழுதினாள்.

“கொஞ்சம் மெல்லப் போங்க,” என்றாள் ஸ்ரீதரனிடம். “ஒண்ணு மிச்சமிருக்கு.”