ஞாயித்துக்கிழமையில முடியற மாசம்

என் வேலைய நான் தேடிப் போய்ப் புடிக்கல. அமெரிக்காவுல ஒருத்தர்கிட்ட இருந்து புடுங்கி என் கையில குடுத்தாங்க. இத இப்ப சொல்றேன். அப்ப எவனாவது சொல்லியிருந்தா அவன்கிட்ட சண்டைக்குப் போயிருப்பேன்.

அங்க ஒரு மருந்து கம்பெனி. வயசானவங்களுக்கு மாசாமாசம் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாம் வீட்டுக்கே அனுப்புவாங்க. யாருக்கு எந்த மாத்திரை போவணும்ங்கற பட்டியல மாசக் கடைசி தேதியில கம்ப்யூட்டர் தானா போட்டுடும். அந்த புரோகிராம எழுதி, இருபது வருஷம் கட்டிக் காத்தவரு ஒரு அமெரிக்கர். அங்க ஆள் வச்சா செலவு ஜாஸ்தின்னு வேலைய எங்க சென்னை கம்பெனிக்குத் தூக்கிக் குடுத்துட்டாங்க. அவரே ஆறு வாரம் எங்களுக்கு போன்ல சொல்லிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போவணும். இந்தச் சடங்குக்கு நாலெட்ஜ் டிரான்ஸ்பர்னு பேரு. சொல்லிக் குடுத்தத நாங்க திருப்பி ஒப்பிக்கணும். சரியா ஒப்பிச்சா அவரு ஒரு ஷீட்டுல பச்சை போடணும். எல்லாக் கட்டமும் பச்சையாயிட்டா, "எனக்குத் தெரிஞ்சது எல்லாம் சொல்லிட்டேன்"னு கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பணும்.

எனக்கு அப்ப இருவத்தேழு வயசு. பாவம்னுகூடத் தோணல. அவரு இழுத்து இழுத்துப் பேசுவாரு, நாங்க மியூட்ல போட்டுட்டு சிரிப்போம். கடைசி நாள் கையெழுத்தெல்லாம் ஆனப்புறம் என்ன மட்டும் லைன்ல இருக்கச் சொன்னாரு. மாசக் கடைசி தேதி ஞாயித்துக்கிழமையில வந்தா பட்டியல் பாதியில நின்னுடும், அதுக்கு மொத நாள் சனிக்கிழமையே போய் ஒரு தேதிய கையால மாத்தி வுட்டுடணும், இது எந்தப் பேப்பர்லயும் இல்லன்னு சொன்னாரு. தன்னோட அம்மாவுக்கும் இதுலதான் மாத்திரை வருதுன்னாரு. நான் தேங்க்ஸ் சொல்லி வச்சிட்டேன். அப்புறம் அவரு இன்னா ஆனாருன்னு ஒரு நாளும் விசாரிக்கல.

பதிமூணு வருஷம் அந்த வேலையில சோறு தின்னேன். கொரோனாவுல லேப்டாப்ப தூக்கிக்கினு எங்க ஊரு செஞ்சிக்கு வந்தவன் திரும்பிப் போகவே இல்ல. "வூட்ல குந்திக்கினே அமெரிக்கா வேலை பாக்கறான்"னு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில பேசுவாங்க. காதுல வுழாத மாதிரி டீ குடிப்பேன். உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கும். ஞாயித்துக்கிழமையில முடியற மாசம் வந்தா சனிக்கிழமை எங்கயும் நகர மாட்டேன். ஒரு தடவ என் பொண்டாட்டி மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அமாவாசைக்கு வரேன்னு வேண்டிக்கினு இருந்தா. அமாவாசை அந்தச் சனிக்கிழமையா பாத்து வந்து தொலைச்சுது. அவள மட்டும் ஸ்பெஷல் பஸ்ல அந்தக் கூட்டத்துல ஏத்தி வுட்டுட்டு, நான் வந்து தேதிய மாத்தினேன். ஏன் இத எங்கயும் எழுதி வைக்கலன்னு கேட்டா, எழுதி வச்சா அப்புறம் நான் எதுக்கு? எனக்கு மட்டும் தெரியும்ங்கறதுதான் எனக்கு இருந்த தைரியம்.

போன வருஷம் மேனேஜர் போன் பண்ணாரு. வேலை எங்க கம்பெனியோட பிலிப்பைன்ஸ் ஆபீஸுக்குப் போவுதாம். இங்கயும் இப்ப செலவு ஜாஸ்தியாம். "நல்லபடியா சொல்லிக் குடுத்து முடிச்சிடு, உன்ன வேற ப்ராஜெக்ட்ல போட்டுடறேன்"னாரு. நாப்பது வயசு, கையில இருக்கறது பழைய டெக்னாலஜி. எந்த ப்ராஜெக்ட்ல போடுவாருன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்க நைனாவுக்கு வேர்க்கடலை வெவசாயம் தவிர வேற ஒண்ணும் தெரியாது. அவர்கிட்ட சொன்னேன். "கொறைச்சலா வாங்குவேன்னுதான உன்கிட்ட குடுத்தான்? உன்ன வுட கொறைச்சலா ஒருத்தன் கெடைச்சிட்டான். இதுல கோவிச்சிக்க இன்னாடா இருக்குது"ன்னாரு. எனக்கு வயிறு எரிஞ்சுது. அவரு சொன்னது சரிங்கறதாலதான் எரிஞ்சுது.

பிலிப்பைன்ஸ்ல இருந்து கத்துக்க வந்தது ஒரு பொண்ணு. இருவத்தஞ்சு, இருவத்தாறு இருக்கும். காலையில ஒம்போது மணிக்கெல்லாம் லைன்ல வந்துடும். வார்த்தைக்கு வார்த்தை சார். நான் சொல்றத கேட்டு நோட்டுல எழுதிக்கினு, அடுத்த நாள் பிசிறில்லாம ஒப்பிக்கும். நான் சிடுசிடுன்னு பேசினாலும் கோவிச்சிக்காது. மேனேஜர் மேல இருந்த எரிச்சல அது மேல காட்டினேன். தூரத்துல இருக்கறவங்க மேல காட்டறது சுளுவு.

கடைசி நாள் அந்தப் பொண்ணு கேட்டுச்சு, "இன்னும் ஏதாவது இருக்குதா சார்?"

"அவ்ளோதாம்மா"ன்னேன். பச்சை போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

வாய் தவறிப் போகல. தெரிஞ்சேதான் செஞ்சேன். இன்னும் நாலு மாசத்துல ஞாயித்துக்கிழமையில முடியற மாசம் வருது, பட்டியல் நிக்கும், அமெரிக்காக்காரன் கத்துவான், மேனேஜர் என் வூட்டு வாசல்ல வந்து நிப்பாருன்னு கணக்குப் போட்டேன். பொண்டாட்டிகிட்டகூட சொல்லல.

ரெண்டு மாசம் சும்மா உக்கார வச்சாங்க. அப்புறம் கூப்ட்டு, நீயே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போனா நல்ல லெட்டர் தரோம்னாங்க. எழுதிக் குடுத்தேன். அப்பவும் தெனமும் மாடிக்குப் போய் லேப்டாப்ப தொறந்து வச்சிக்கினு குந்துவேன். எதுத்த வூட்டுக்காரரு ஜன்னல்ல பாப்பாருன்னு.

அந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வந்துச்சு. திங்கக்கிழமை போன கையிலயே வச்சிக்கினு திரிஞ்சேன். குளிக்கப் போகும்போதும் கொண்டு போனேன். செவ்வாய், புதன், எவனும் கூப்புடல. அந்த வாரமே சென்னையில வேற ஒரு கம்பெனியில எடுத்துக்கிட்டாங்க. சம்பளம் கம்மி. பழைய கம்பெனியில என்னப் பத்தி விசாரிச்சிட்டு ஆர்டர் தரோம்னாங்க. விசாரணை நடந்துக்கினு இருந்தப்பதான் அந்தப் பொண்ணுகிட்ட இருந்து மெசேஜ் வந்துச்சு.

பட்டியல் பாதியில நின்னு, நெறைய பேருக்கு மாத்திரை போகலையாம். ஒரு கெழவிய ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்களாம். மேனேஜருங்க யாருக்கும் ஒண்ணும் ஆகல. சொல்லிக் குடுத்தத இவ ஒழுங்கா கத்துக்கலன்னு எழுதி இவள வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்க. "சார், இந்தப் பிரச்சினை நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்ததா? இருந்ததுன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும். என்ன திருப்பி எடுத்துக்குவாங்க"ன்னு கேட்டிருந்தா.

ஒரு வரிதான். அத எழுதினா, எல்லாம் சொல்லிட்டேன்னு நான் போட்ட கையெழுத்து பொய்யின்னு ஆயிடும். பழைய கம்பெனிக்காரன் அத அப்படியே புதுக் கம்பெனிகிட்ட சொல்லுவான், இந்த வேலையும் போயிடும். ரெண்டு நாள் பதில் போடல. எனக்கு என் மேலயே அருவருப்பா இருந்துச்சு. மூணாம் நாள் எழுதினேன்: "என் காலத்துல அப்படி ஒண்ணும் வந்ததில்லம்மா."

அடுத்த நிமிஷமே பதில் வந்துச்சு. "சரிங்க சார். அப்ப நான்தான் நீங்க சொன்னத எங்கயோ சரியா கேக்காம வுட்டிருப்பேன். மன்னிச்சிடுங்க சார்."