காஞ்சனபுரிக்கு இடப்பக்கமாக

சிறுவயதில் யாழ்ப்பாணத்து வீதிகளில் இடப்பக்கமாகச் சைக்கிள் மிதித்தவனுக்கு, ஐம்பத்துமூன்று வயதில் தாய்லாந்தில் இடப்பக்கமாகக் கார் ஓட்டுவது தானாக வந்துவிடும் என்று நான் மனதார நம்பினேன். மொன்றியலில் இத்தனை வருடம் வலப்பக்கம் ஓட்டியதெல்லாம் மேலே பூசிய பெயின்ற். சுரண்டினால் உள்ளே பழைய இடப்பக்கம் பத்திரமாக இருக்கும். மனைவியிடமும் அப்படியே சொன்னேன்.

"அந்தச் சைக்கிளோடை நீங்கள் மதகுக்குள்ளை விழுந்த கதையும் மாமி சொன்னவ," என்றாள்.

தாய்லாந்துக்குப் போக ஆசைப்பட்டவள் அவள்தான். கனடாவுக்கு வரும் வழியில் பாங்கொக்கில் ஓர் அறைக்குள் ஏழு மாதம், களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனின் சொல்லுக்காகக் காத்திருந்தவள். யன்னல் திறக்கக்கூடாது, உரத்துக் கதைக்கக்கூடாது. சுவரில் யாரோ விட்டுப்போன பழைய கலண்டர் ஒன்று. அதில் ஏரிக்கு மேலே நீண்ட மரப்பாலம், பாலத்தின் நடுவில் தலையில் கூடையோடு ஒரு பெண். "அவள் எப்ப மற்றக் கரைக்குப் போய்ச் சேருவாள் எண்டு பாத்துக்கொண்டே இருந்தனான்," என்று கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறாள். போன பனிக்காலம் மகள் அந்தப் பாலத்தைக் கைபேசியில் கண்டுபிடித்துக் கொடுத்தாள். காஞ்சனபுரி மாகாணத்தின் கடைசி எல்லையில், சங்க்லபுரி என்ற ஊரில் இருந்தது. அதன்பிறகு என் மனைவி அந்தப் படத்தைத் தன் கைபேசியின் முகப்பில் வைத்துக்கொண்டாள். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

மொன்றியல் வில்லரேயில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் உட்கார்ந்து திட்டம் போட்டேன். எங்கள் ஆட்களுக்குப் பயணம் என்றால் வீடுகள்தான். ரொறன்ரோவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனால், கல்யாணம் ஒரு பக்கம் இருக்க, எட்டு வீட்டுக்குப் போகவேண்டும். ஒரு வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த வீட்டை விட்டுவிட்டால் ஐந்து வருடத்துக்குக் கதை கிடக்கும். இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் தாய்லாந்துக்கும் என் கை அதையே எழுதியது. நான்கு நாள், ஒன்பது இடம். ஏழு தட்டு அருவிக்கு முக்கால் மணித்தியாலம், குகைக்கு அரை மணித்தியாலம், பாலத்துக்கு நாற்பது நிமிடம்.

அவள் வாசித்துவிட்டுப் பேனாவைக் கேட்டாள்.

"இதென்னப்பா, பாலத்துக்கு நாப்பது நிமிசம்?"

"பேந்து வெந்நீர் ஊற்றுக்கும் போகவேணுமெல்லே."

"வெந்நீர் ஊற்று என்ன, உங்கடை பெரியம்மாவே? போகாட்டிக் கோவிக்கிறதுக்கு?"

ஒன்பதில் ஏழு வெட்டுப்பட்டது. மிஞ்சியது அருவி, பாலம், மூன்றாவதாக 'பிடிச்ச இடம்' என்று அவள் கையால் எழுதிய ஒரு வரி. அப்படி ஓர் இடத்தை நான் வரைபடத்தில் இரண்டு தரம் தேடினேன்.

கடைகள் திறக்கமுன்னம் ஒரு ஞாயிறு காலை ஆற்றுக்கு அப்பால் புரோசார்டில் ஒரு பெரிய கார்த் தரிப்பிடத்துக்குப் போய் இடப்பக்கமாக ஓட்டிப் பழகினோம். அதாவது நான் ஓட்டினேன், அவள் ரோல்ஸ் சாப்பிட்டாள். இரண்டாவது சுற்றில் எதிரே ஒரு சாமான் லொறி வந்தது. என் சைக்கிள் ஞானம் முழுவதும் அந்தக் கணத்தில் என்னைக் கைவிட்டது. பிரேக்கை மிதித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். லொறிக்காரன் சுற்றிக்கொண்டு போனான். காவலாளி வந்து கண்ணாடியில் தட்டினார்.

"பொஞ்சூர் மெஸ்யூ, சுகமாயிருக்கிறீர்களா?"

எனக்குப் பிரெஞ்சும் போய்விட்டது. கார்டெரி என்னும் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்யும் என் மனைவி, மூன்று வயதுப் பிள்ளைக்காகப் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்கும் குரலில், இவர் தாய்லாந்துக்குப் போக ஆயத்தம் செய்கிறார் என்று விளக்கினாள். அவர் எங்கள் காரை முன்னும் பின்னும் பார்த்தார். "இதிலேயா?" என்று கேட்டார்.

அடுத்த நாளே சுற்றுலா பஸ் ஒன்றின் விபரங்களை அவள் முன் வைத்தேன். ஏசி, வழிகாட்டி, மத்தியானச் சாப்பாடு. பாலத்தில் இறங்கிப் படம் எடுக்கவும் விடுவார்கள்.

அவள் சிரிக்கவில்லை. "அந்த அறையிலை ஆரோ இரு எண்டால் இருந்தன், வெளிக்கிடு எண்டால் வெளிக்கிட்டன். இந்த ஒருக்காலாவது எங்கை நிக்கவேணும், எப்ப போகவேணும் எண்டு நான் சொல்லவேணும். பஸ் எண்டால் நான் வரேல்லை."

பஸ் விபரங்களை மடித்துக் குப்பைக்குள் போட்டேன். "சரி, கார்தான். நான் ஓடுவன்," என்றேன். தூரப் பயணத்தில் ஸ்டியரிங் ஆம்பிளைகளுக்கு, ரோல்ஸ் எடுத்துத் தருவது பெண்களுக்கு என்பது எங்கள் எழுதாத சட்டம். அவள்தான் பனியென்றும் மழையென்றும் பாராமல் தினமும் ஆற்றுப் பாலம் தாண்டித் தென்கரைக்கு வேலைக்கு ஓட்டிப் போகிறவள், நான் மெட்ரோவில் நித்திரைகொண்டு போகிறவன் என்பது ஏனோ இரண்டு மாதமாக எனக்கு நினைவுக்கு வரவேயில்லை.

காஞ்சனபுரி நகரம் வரை பஸ்ஸில் போய், அங்கே கார் எடுத்தோம். வாடகைக் கார்க் கடைப் பெண் கைகூப்பிவிட்டுக் கார்த் திறப்பை என்னிடம் தந்தாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், கதவைத் திறந்து ஏறி, சீட் பெல்ட்டையும் போட்டுவிட்டுக் கையை நீட்டினேன். ஸ்டியரிங் இல்லை. கனடாப் பழக்கத்தில் இடப்பக்கக் கதவால் ஏறியிருந்தேன்.

வெளியே நின்ற மனைவி கைப்பையிலிருந்து தன் சர்வதேச ஓட்டுநர் பத்திரத்தை எடுத்துக் கடைப் பெண்ணிடம் நீட்டினாள்.

"இது எப்ப எடுத்தனீர்?"

"புரோசார்டுக்குப் போட்டு வந்த அடுத்த கிழமை. நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்தன்."

"என்னெண்டு?"

"பயமாக்கிடக்கெண்டு."

"ஓம்," என்றேன். "பயமாத்தான் கிடக்கு."

"அப்ப திறப்பைத் தாங்கோ."

அருவியில் ஒரு பகல் இருந்தோம். சோளம் அவித்து விற்ற ஒரு வீதி வளைவு அவளுக்குப் பிடித்துப்போக, காரை நிறுத்தினாள். அதுதான் 'பிடிச்ச இடம்' என்றாள். மூன்றாம் நாள் காலை மரப்பாலத்தின் நடுவில் நெடுநேரம் நின்றாள். நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. பிறகு மற்றக் கரைக்கு நடந்துபோய், அங்கே ஒரு கடையில் ஐஸ் கோப்பி வாங்கிக் குடித்தோம். நான்கு நாளும் அவள்தான் ஓட்டினாள். நான் பக்கத்தில் இருந்து அவித்த சோளத்தை உதிர்த்துக் கொடுத்தேன்.