பார்க்காத பதினோரு நிமிடம்

குனிஷிகே யசுஹிதேவுக்கு நாற்பத்தாறு வயது. ஹிரோஷிமாவை ஒட்டிய குரே நகரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். இருபது வருஷமாகப் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து, வாத்தியாருக்கென்று தனியாக வைத்திருக்கிற பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, அடுத்தவர் ஓட்டுவதைப் பார்ப்பதுதான் உத்தியோகம். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. அக்கா ஃபுசாயோ மட்டும் எல்லோருக்கும் சேர்த்துத் தினமும் கேட்பாள்.

இன்னொரு வேலையும் அவருக்கு உண்டு. சம்பளம் கிடையாது. அனிமே என்கிற சித்திரத் தொடர்களைப் பார்த்து இணையத்தில் விமர்சனம் எழுதுவார். பேர் 'இரண்டாவது பிரேக்'. ஒன்பது வருஷத்தில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. ராத்திரி ஒளிபரப்பாவதை ரெக்கார்டர் பதிவு செய்து வைக்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, சோற்றில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றிக்கொண்டு டி.வி. முன்னால் உட்காருவார். கடைசியில் படம் வரைந்தவர்களின் பெயர்ப்பட்டியல் ஓடி முடிகிறவரை எழுந்திருக்க மாட்டார். பத்து மணிக்குள் விமர்சனம் ஏறிவிடும். அவருடைய பக்கத்தின் தலையில் ஒரே ஒரு வரி இருக்கும்: 'பார்க்காததைப் பற்றி இங்கே எழுதுவதில்லை.' அந்த வரியில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. பெருமை என்ன, திமிர் என்றே சொல்லலாம்.

அது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம். ஒரு தீவுப் பள்ளிக்கூடத்தைப் பற்றிய தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளியில் மிச்சமிருக்கிற ஒரே மாணவி தீவை விட்டுப் போவாளா, இருப்பாளா என்பதுதான் கதை. இருபத்தாறு வாரக் கதை. தோக்கியோவில் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஹிரோஷிமாப் பக்கம் எல்லாம் தாமதமாகத்தான் வரும். முடிவு காதில் விழுந்துவிடக் கூடாதென்று மூன்று வாரமாக அவர் இணையத்தில் வேறெந்தப் பக்கமும் போகவில்லை. பத்தியம் இருப்பவர்கூட அவ்வளவு கட்டுப்பாடாக இருக்க மாட்டார்.

செப்டம்பர் கடைசிப் புதன்கிழமை முடிவுப் பகுதி. அன்றைக்கென்று உள்ளூர் பேஸ்பால் அணியின் ஆட்டம் பன்னிரண்டு சுற்று வரை இழுத்துக்கொண்டு போனது. ஆட்டம் நீண்டால் அதற்குப் பின்னால் இருக்கிற நிகழ்ச்சியெல்லாம் வரிசையாகத் தள்ளிப்போகும். அனிமே பார்க்கிறவர்களுக்கு இது பாலபாடம். ஆட்டம் முடிந்ததும் முதல் வேலையாக ரெக்கார்டரின் நேரத்தை மாற்றி வைப்பார்கள். குனிஷிகே எதற்கும் இருக்கட்டும் என்று எப்போதும் அரைமணி நேரம் கூடுதலாக வைத்திருப்பார். ஆனால் அன்று அவர் அக்காவின் ஒகோனோமியாகிக் கடையில், அதாவது முட்டைக்கோஸ் தோசைக் கடையில், இருந்தார். பன்னிரண்டாவது சுற்றில் நம்ம அணி ஜெயித்தது. அக்கா தோசைக்கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஆடினாள், பக்கத்தில் இருந்த லாரி டிரைவர் இவரைக் கட்டிப்பிடித்தார், இரண்டு பீர் இலவசமாக வந்தது. குனிஷிகே பாடிக்கொண்டே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

அன்று எல்லாம் நாற்பத்தொரு நிமிடம் தள்ளிப்போயிருந்தது. விடியற்காலை பார்த்தால், தீவுப் பெண் மூட்டையைத் தூக்கிக்கொண்டு படகுத்துறையில் வந்து நிற்கிறாள். டேப் நின்றுவிட்டது. கடைசிப் பதினோரு நிமிடம் இல்லை.

முட்டைச்சோற்றைத் தள்ளி வைத்தார். 'பதிவாகவில்லை, மன்னிக்கவும்' என்று ஒரு வரி போட்டிருக்கலாம். ஆனால் நானூறு பேர் பத்து மணிக்குக் காத்திருப்பார்கள். பாலபாடத்தில் கோட்டை விட்டான் என்று சிரிப்பார்களே! எட்டு மணிக்கு உட்கார்ந்தார். பார்த்ததைப் பற்றி மூன்று பத்தி எழுதினார். நாலாவது பத்தியை வாய்க்கு வந்தபடி அடித்துவிட்டார்: 'கடைசி நிமிடங்களில் யாரும் பேசுவதில்லை. படகுக்குப் பின்னால் விரியும் தண்ணீர்தான் பேசுகிறது. அந்தத் தண்ணீரை வரைந்த கைகள் ஓயக் கூடாது.'

ஒன்பது வருஷத்தில் இவ்வளவு பாராட்டு அவருக்குக் கிடைத்ததில்லை. நாலாவது பத்தியைப் படித்து அழுதேன் என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள்.

பருவத்துக்கு ஒருமுறை, தொடர்கள் முடிந்த பிறகு, வாசகர்கள் ஏழெட்டுப் பேர் ஃபுசாயோவின் கடையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடுவார்கள். இணையத்துப் பேரைச் சட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். சொந்தப் பேர், ஊர், உத்தியோகம் எதுவும் கேட்கக் கூடாது. நாலு வருஷமாக ஒன்றாகச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒருவருடைய சொந்தப் பேர் இன்னொருவருக்குத் தெரியாது. அந்த அக்டோபரில் புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். இருபத்தேழு வயசிருக்கும். சட்டையில் 'எலுமிச்சை' என்று ஒட்டியிருந்தது.

சாப்பாடு பாதியில் இருக்கும்போது அவள் எழுந்து நின்றாள். "என் சொந்தப் பேரு ஷிமோகாவா சனாயெ. இங்க பக்கத்துல தகேஹராக்காரி."

"அய்யய்யோ, சொந்தப் பேரெல்லாம் இங்க சொல்லக் கூடாதும்மா!" என்றார் 'கிழட்டுப்பூனை' என்ற பேரில் இருந்தவர்.

"தெரியும். தோக்கியோவுல படம் வரையிற வேலை. அந்தத் தீவுத் தொடர்ல கடைசி சீன்ல நானும் வரைஞ்சிருக்கேன். வேலையை விட்டுடலாம்னு லெட்டர் எழுதிப் பையில வச்சிருக்கேன். நம்ம ஊர்லயே தபாலாபீஸ்ல இடம் இருக்காம், நாளைக்குப் பதில் சொல்லணும். அப்போதான் பிரேக் அண்ணன் எழுதினதைப் படிச்சேன். கைகள் ஓயக் கூடாதுன்னு போட்டிருந்தாரு. லெட்டரைக் கிழிக்கிறதுக்கு முன்னாடி அவரை ஒரு தடவை பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். கிழட்டுப்பூனை, "பார்த்தியா, நம்ம பிரேக்கு ஒரு வாழ்க்கையையே திருப்பி விட்டுட்டாரு!" என்று குனிஷிகேயின் முதுகில் ஓங்கி அடித்தார். அந்தப் பெண் அவர் வார்த்தையை நம்பிப் பிழைப்பை முடிவு செய்யப்போகிறாள். அந்த வார்த்தையோ காற்றில் பிடித்தது.

நாலு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். சனாயெ கிளம்பவில்லை. ஃபுசாயோ கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்" என்றாள் சனாயெ. "அந்தத் தண்ணி எந்த இடத்துல வருது?"

"அது... கடைசியில. படகு கிளம்பும்போது."

"படகு கிளம்பவே கிளம்பாதே. பாராட்டினவங்க யாரும் அதைக் கவனிக்கல போல."

கல்லைச் சுரண்டுகிற சத்தம் நின்றது. குனிஷிகே டம்ளரை எடுத்தார், வைத்தார். ஏதாவது சொல்லிச் சமாளிக்க முடியுமா என்று ஒரு கணம் யோசித்ததும் உண்மை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அது முடியவில்லை.

"நான் பார்க்கலம்மா. ஆட்டம் இழுத்துடுச்சு, ரெக்கார்டர் நின்னுடுச்சு. கடைசிப் பதினோரு நிமிஷம் பார்க்காமலே எழுதிட்டேன்."

"அடப்பாவி!" என்றாள் ஃபுசாயோ. "என்னமோ பெரிய யோக்கியன் மாதிரி பேசுவியேடா!"

சனாயெ கோபப்படவில்லை. "எனக்குத் தெரியும். எங்கம்மாவும் அரைமணி கூடுதலாத்தான் வச்சிருந்தாங்க, அந்த ரெக்கார்டரும் அதே இடத்துலதான் நின்னுச்சு. நான் லீவுக்கு வந்து டேப்பைப் போட்டுப் பார்த்தேன், படகுத்துறையோட சரி. ஆனா அம்மா எனக்கு போன் பண்ணி, கடைசி சீன்ல அழுதுட்டேன்டின்னு சொல்லியிருந்தாங்க. அம்மா பொய் சொன்னது எனக்காக. நீங்க யாருக்காகச் சொன்னீங்க?"

"எனக்காகத்தான்" என்றார் குனிஷிகே. அவருக்குக் காது வரை சுட்டது. தலையைக் கவுண்டர் பலகையில் படுகிற மாதிரிக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

"மன்னிப்பை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? இப்பப் பாருங்க" என்று அவள் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துத் திறந்தாள். தோக்கியோவில் பதிவு செய்த வட்டு உள்ளே இருந்தது. "எது நான் வரைஞ்சதுன்னு சொல்ல மாட்டேன். பார்த்துட்டுச் சொல்லுங்க. அம்மா மாதிரி சொன்னீங்கன்னா எழுந்து போயிடுவேன்."

குனிஷிகே பார்த்தார். படகுத்துறையில் நிற்கிற பெண் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு, திரும்பிப் பள்ளிக்கூடத்தை நோக்கி ஓடுகிறாள். பதினோரு நிமிடமும் ஓட்டம்தான். சந்து, படிக்கட்டு, வயல் வரப்பு. பெயர்ப்பட்டியல் முடிகிறவரை பார்த்தார். "இன்னொரு தடவை" என்றார். இரண்டாவது தடவை பார்க்கும்போது அவர் வலது கால் மேஜைக்கடியில் தானாக அழுத்திக்கொண்டிருந்தது.

பார்த்து முடித்தார். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்; அவள் கடிதத்தைக் கிழிப்பாள், அவருக்கும் பாவம் தீர்ந்த மாதிரி இருக்கும். சொல்லாவிட்டால் தபாலாபீஸ். அக்கா கண்ணாலேயே, நல்லதாச் சொல்லித் தொலையேன்டா என்று ஜாடை காட்டினாள்.

"ஓட்டம் சரியில்லம்மா" என்றார். "காலுக்கு எடையே இல்லை. தரையில படுதா இல்லையான்னே தெரியல. முகம், தலைமுடி, வானம் எல்லாம் அழகா இருக்கு. கால் மட்டும் பொய். வரைஞ்சவங்களுக்குத் தெரியாம இல்ல, ரொம்பக் களைச்சுப்போய் வரைஞ்சிருக்காங்க. ஏன் சொல்றேன்னா, இதே பொண்ணு ஒன்பதாவது வாரத்துல மழையில படி ஏறுவா. அங்க குதிகால் பட்டு, கொஞ்சம் வழுக்கி, அப்புறம் விரல் ஊனும். அந்தக் காலை நான் மூணு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அது நல்ல காலு. அதை வரைஞ்ச ஆளு கடைசி வாரத்துல இல்லையேன்னு இருந்துச்சு."

சனாயெ கணினியை மூடினாள். கண் நிறைந்து வழிந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

ஃபுசாயோவுக்குப் பொறுக்கவில்லை. "உனக்கு வாயில நல்ல வார்த்தையே வராதாடா? பச்சப் புள்ளைய அழ வச்சிட்டியே! நீ கண்ணத் தொடைம்மா, இவன் கெடக்கான்."

"ஓடுற கால் எல்லாம் நான்தான்" என்றாள் சனாயெ. "மூணு நாள் வீட்டுக்கே போகாம வரைஞ்சது. ஒன்பதாவது வாரமும் நான்தான்."

குனிஷிகே நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னிக்கே எழுதிடறேன். பார்க்காம எழுதினேன்னு, முதல் வரியிலயே. பாதிப் பேர் போயிடுவாங்க. போகட்டும்."

"எழுதுங்க. காலைப் பத்தியும் எழுதுங்க."

"உன் பேரைப் போட மாட்டேன்."

"போட்டாலும் பரவாயில்ல." அவள் மூக்கை உறிஞ்சினாள். பையைத் திறந்து வெள்ளை உறை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆபீஸ்ல எல்லாரும் சூப்பர்னாங்க. டைரக்டர் சூப்பர்னாரு. அம்மா அழுதேன்னாங்க. கால் சரியில்லைன்னு எனக்குத் தெரியும் அண்ணே, வரையும்போதே தெரியும். இதையெல்லாம் யாராவது பார்க்கிறாங்களான்னுதான் தெரியாம இருந்துச்சு."

அவள் எழுந்து, உறையைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபுசாயோவின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, குப்பைத்தொட்டி எங்க இருக்கு?"

"காகிதம்னா நீலத் தொட்டி" என்றாள் ஃபுசாயோ. "நல்லாக் கிழிச்சுப் போடு."