தேவசகாயம் சார் வீட்டு நான்கு பருவங்கள்

எழுத்து பிசகினால் அழித்து எழுதிவிடலாம். முகம் பிசகினால் அந்த முகத்துக்காரருக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பது, பிரஷ் பிடித்துப் பிழைக்கிற உங்களுக்குத் தெரியாததல்ல.

அறுபதுகளின் கடைசியில், இரும்புலியூரிலிருந்து குரோம்பேட்டை வரை கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள், சிட்லபாக்கத்தில் குடியிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தேவசகாயம் சார் கூப்பிட்டனுப்பினார். பருவங்களை ஆணும் பெண்ணுமாக வெள்ளைக்காரர்கள் வரைந்த புத்தகம் ஒன்றைக் காட்டி, "இதே மாதிரி நாலு படம், ஹாலுக்கு. ஆனா நம்ம ஜனங்களா இருக்கணும்" என்றார். சரியாக வந்தால் நான் ஓவியன். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் 'இவ்விடம் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும்'தான்.

மழை

எங்கள் தெருவுக்குக் கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் எல்லம்மாவை மழையாக வரைந்தேன். அவிழ்ந்த கூந்தல், குடத்திலிருந்து கொட்டும் நீர், வாய்கொள்ளாச் சிரிப்பு. கூடையை இறக்கிவைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தாள். "மய பேஞ்சா நான் எங்கண்ணா சிரிச்சேன்? வூட்டுக்காரரு கடல்ல இருப்பாரு. கரைல நின்னு பாத்துகினே இருப்பேன்" என்றாள்.

அன்றே சிரிப்பை அழித்து, கண்களைத் தூரத்தில் வைத்தேன். மறுநாள் வந்தவள் படத்தருகே போய் நின்றாள்.

"இப்பதான் நானு. அவரு கர சேந்துட்டாருன்னு இவளாண்ட சொல்லிடுண்ணா."

வெயில்

கோடைக்கு ஆள் கிடைக்கவில்லை. என் மனைவி சரோஜா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். சிவந்த முகம், நெற்றியில் மினுங்கும் வியர்வை. சொல்லாமலே வரைந்து, கையில் இரண்டு மாம்பழமும் கொடுத்தேன். அழகாகத்தான் வந்திருந்தது என்று இன்றும் சொல்வேன். காப்பி கொண்டுவந்தவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். டம்ளர் 'ணங்'கென்று ஸ்டூலில் இறங்கியது.

"வசந்தம்னு ஒண்ணு வரையணும்னீங்களே, அப்ப என் மூஞ்சி ஞாபகம் வரலியா?"

பனி

வசந்தத்துக்கும் சரோஜாவையே வரைந்து வீட்டில் சமாதானம் ஆன பிறகு, பாக்கி இருந்தது பனிக்காலம். புத்தகத்தில் அது நெருப்பருகே குறுகி உட்கார்ந்த தாடிக் கிழவர். தாடியை எடுத்துவிட்டுக் குரங்குக் குல்லாயும் மஃப்ளரும் போட்டேன். நான்கு படங்களையும் சார் வீட்டில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்றபோதுதான் கவனித்தேன். குல்லாய்க்குள் இருந்தது தேவசகாயம் சாரேதான். கை என்னைக் கேட்காமலே செய்த வேலை!

சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கிட்டே போனார். உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சாரும் சேர்ந்து சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"இருபது வருஷமா அந்த மஃப்ளரைத் தூக்கிப் போடுங்கன்னு கத்தறேன். நீங்க அதைச் சுவத்துலயே மாட்டிட்டீங்களே, தம்பி!" என்றார் சாரின் மனைவி.

பிறகு பல வீடுகளில் கூப்பிட்டார்கள்; வெயிலுக்கும் பனிக்கும் ஆள் தேடி அலைந்தேனே தவிர, வசந்தத்துக்கு மட்டும் தெருவே தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றது.